வேலி கடக்கும் மருந்து

குளிசைக்கு வீடு தேவையில்லை.
கைப்பையில், பஸ் ரிக்கட்டுக்கும்
கட்டாரிலிருந்து அவர் அனுப்பிய காசின் துண்டுக்கும் நடுவே
எங்கேயும் கிடக்கும்.
முதல் கிழமை வயிற்றைக் கலக்கி
விடியுமுன் நாலுதரம் எழுப்பியது.
அதுவும் பழகிற்று.

இன்சுலினுக்குக் குளிர் வேண்டும்.
தம்பிலுவிலில் எங்கள் ஒழுங்கையில்
பிரிஜ் இருப்பது ஒரே வீட்டில்.
இரண்டு வருசமாய் நான் முகம் கொடாத வீடு.
எல்லைக் கதியால்கள் ஒன்றரை முழம்
எங்கள் வளவுக்குள் நடந்து வந்ததாய்
மத்தியஸ்த சபையில் நான் கொடுத்த முறைப்பாடு
இன்னும் கிடக்கிறது.

டொக்டர் றிஸ்மியா கொப்பியைப் புரட்டினா.
சாப்பிட முன் நூற்றெட்டு.
சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் நூற்றறுபத்துநாலு.
"குளிசை மட்டும் காணாது. ஊசியும் போடுவம்."

எது பிள்ளைக்கு நல்லது என்று கேட்டேன்.

பேனையை மூடினா.
"குளிசை பிள்ளைக்கும் போகும்.
கன காலமாக் குடுத்து வாறம், பெரிய கேடு ஒண்டும் காணல்ல.
ஆனா எல்லாம் தெரியுமெண்டு சொல்லமாட்டன்.
ஊசி மருந்து உங்களோட நிண்டிரும்.
அதுக்கு வேற கரைச்சல்,
சீனி சட்டெண்டு இறங்கும்.
தனியவா இருக்கீங்க?"

அந்தக் கேள்விக்குத்தான்
கொப்பியில் கட்டம் இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் பார்த்தேன்.
ஒன்று வேலி தாண்டி என் பிள்ளையிடம் போகிறது.
மற்றது போகாது,
ஆனால் என்னை வேலி தாண்ட வைக்கிறது.

பரஞ்சோதியக்கா கதவிலேயே நின்று
பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா.
துருவின தேங்காய்க்கும் பாரைமீன் குழம்புக்கும் பக்கத்தில்
இடம் ஒதுக்கினா.
"ஐஸ் தட்டில வைக்காதீங்க, உறையப்படாது" என்றேன்.
"எனக்கும் வாசிக்கத் தெரியும்கா."
அவ்வளவுதான் கதை.

நாளுக்கு இரண்டு தரம்.
காலையில் அவ கூட்டின முற்றத்தில் என் கால் தடம்.
இரவு எட்டு மணிக்கு டோச் வெளிச்சம், நாயின் குரைப்பு.
தொடையில் குத்துவதைவிட
அந்தப் படலையைத் திறப்பது நொந்தது.
குளிசையென்றால் விழுங்கிவிடலாம்.

முப்பத்திரண்டாம் கிழமை, ஒரு புதன்.
ஊசி போட்டுவிட்டு வந்தேன்,
பிட்டு இன்னும் அவியவில்லை, கரண்ட் போனது.
முதலில் விரல்கள் என்னை விட்டுப் போயின.
பிறகு வியர்வை.
பிறகு சுவர் எங்கே என்று தெரியவில்லை.
நெருப்புப் பெட்டியைத் தேடினேனா,
அவருடைய பெயரைத் தேடினேனா,
இரண்டும் கிடைக்கவில்லை.

படலையால் வரவில்லை.
கதியால்களுக்கு நடுவால்,
வழக்குக் கிடக்கும் அந்த ஒன்றரை முழத்தை மிதித்து,
ஐஸ் போட்ட சாப்பாட்டுப் பெட்டிக்குள் என் மருந்தோடு
பரஞ்சோதியக்கா.
"கரண்ட் வர விடியும் போல, உங்கட மருந்து பழுதாகி..."
மிச்சத்தைச் சொல்லவில்லை.

மூன்று கரண்டி சீனி. தண்ணீர்.
என் தாடையைப் பிடித்த கையில் மீன் வாசம்.
மூன்று மாதமாய் நாக்கு மறந்திருந்த இனிப்பு
கழுத்தெல்லாம் வழிந்தது.

நேரம் கழித்து
வயிற்றில் பிள்ளை ஒருதரம் புரண்டது.
அதற்கும் போயிருக்கும் அந்தச் சீனி,
எந்த வேலியிடமும் கேளாமல்.

விடியும்வரை இருந்தா. அதிகம் பேசவில்லை.
வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு போகையில்
"மத்தியஸ்த சபை நாளைக்கழிச்சுக் கூடுதாம்.
நான் வருவன். வேலிக் கதை வேற."
"நானும் வருவேன்" என்றேன்.
இந்தமுறை படலையால் போனா.

விரல் நுனியில் குத்தினேன். தொண்ணூற்றாறு.
கொப்பியில் எழுதினேன்:
குளிசை ஒன்று. ஊசி பன்னிரண்டு அலகு.
ஓரத்தில், சிறிதாய்,
சீனி மூன்று கரண்டி.
யார் தந்தது என்று எழுதப்போய்
கோடு தாண்டி
அவவின் பெயரில் பாதி
அடுத்த நாளின் கட்டத்துக்குள் போய்விட்டது.